மதினிப்பாருக்கு யாரும் போவதில்லை

பனைமுனையில் குழந்தைகளுக்கு ஜெபத்துக்கு முன்பே கற்றுக்கொடுக்கும் வாக்கியம் ஒன்று உண்டு. கடற்கரையில் வெளியாள் யாராவது வந்து, "தீவுப் பக்கம் ஆளுங்க போவாங்களா?" என்று கேட்டால், "அங்கன யாரும் போறதில்ல" என்று சொல்ல வேண்டும். சொல்லும்போது சிரிக்கக் கூடாது. கடல் பக்கம் திரும்பியும் பார்க்கக் கூடாது.

மெர்சி சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஒருமுறை அதைத் தப்பாகச் சொல்லிவிட்டாள். கேட்டவர் குச்சி ஐஸ் விற்க வந்தவர்தான். "எங்கம்மா பாசி எடுக்கப் போயிருக்கு, மதினிப்பாருக்கு" என்று பெருமையாகச் சொன்னாள். அன்று மாலை அம்மா லூர்தம்மாள் ஈரச் சேலையோடு வந்து, விஷயம் தெரிந்ததும், மகளின் வாயிலேயே அடித்தாள். பிறகு அந்த வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள். அழுகைக்கு நடுவில் சொன்னது செல்லவில்லை. அழுகை நின்று, குரல் தட்டையாக வந்த பிறகுதான் விட்டாள்.

பார் என்றால் கடலுக்குள் இருக்கும் பாறைத்திட்டு. தீவுக்கு இந்தப் பக்கம், ஓரங்களில் இடுப்பளவும் நடுவில் இரண்டாள் ஆழமுமான நீரில் கிடக்கும் அந்தத் திட்டுக்கு மதினிப்பார் என்று பெயர் வைத்தது பெண்கள். ஒருவரையொருவர் மதினி என்று அழைக்கும் நாத்தனாரும் அண்ணன் பெண்டாட்டியும் ஒரே வள்ளத்தில் போய், சண்டை போட்டுக்கொண்டே பாசி பறித்துத் திரும்பும் இடம். விரல்களில் துணி சுற்றி, காலில் தகடு கட்டி, இடுப்பில் வலைப்பை தொங்க, மூச்சைப் பிடித்து முங்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசியை யாவாரி எடைபோட்டு வாங்கிக்கொள்வான். ஆண்களின் வலை பொய்த்த மாதங்களில் பனைமுனையின் அடுப்பு எரிந்தது அந்தப் பாசியில்தான்.

தீவைச் சுற்றிக் காப்புக் கடல் என்று வரைபடத்தில் கோடு போட்டவர்கள், அந்தக் கோட்டுக்குள் குனிந்து நிற்பவர்களைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கேட்க வேண்டி வந்திருக்கும். கேட்காமல் போட்ட கோடு பெண்களை ஒரே நாளில் குற்றவாளிகள் ஆக்கியது. அதிலிருந்து பிறந்ததுதான் அந்த வாக்கியம்.

ஆனால் கடலைக் காக்கும் விதி அவர்களிடம் இல்லாமலில்லை. ஈஸ்டருக்கு முந்தைய நோன்பான தபசுக் காலம் முழுவதும் எந்தப் பெண்ணும் பாரில் இறங்க மாட்டாள். மற்ற நாட்களிலும் தலைப்பைக் கிள்ளலாம். வேரோடு பிடுங்கக் கூடாது. மீறினால் அபராதமெல்லாம் கிடையாது. அவள் தூக்குச்சட்டியைத் திறக்கும்போது மற்றவர்கள் எழுந்து வேறு பாறைக்குப் போய்விடுவார்கள், அவ்வளவுதான். நடுக்கடலில் தனியாகச் சோறு தின்ற எவளும் இரண்டாம் முறை மீறியதில்லை. ஊரும் கோயிலும் அதைப் பக்தி என்று நினைத்தன. பெண்கள் அப்படியே நினைக்க விட்டார்கள். பாசி தழையட்டும் என்று சொன்னால் 'பொம்பளைக்கு என்ன தெரியும்' என்பார்கள். சாமிக்கு என்று சொன்னால் எவனும் வாய் திறக்க மாட்டான்.

இவ்வளவும் தெரிந்துதான் மெர்சி சென்னைக்குப் பக்கத்து ஒரகடத்துக்கு வந்தாள்.

வல்லம் வடகாலில் கார்களுக்கு ஒயர்க் கட்டு செய்யும் தொழிற்சாலை அது. டிப்ளமோ முடித்த கையோடு டிரெய்னியாகச் சேர்ந்தாள். ஷிஃப்ட் முழுக்க நின்றுகொண்டே ஒயர் நுனியில் டெர்மினலை அழுத்தும் வேலை. விரல் வேகம் அவளுக்குப் பிறவியிலேயே வந்தது. சூப்பர்வைசர் பாராட்டியபோது, "எங்க அம்மைக்கு இதவிட வேகம் சார்" என்று சொல்ல வாயெடுத்து, எந்த வேலையில் என்று கேட்டுவிடுவாரோ என்று நிறுத்திக்கொண்டாள். கடலே இல்லாத இந்த ஊரில்கூட அந்த வாக்கியம் அவளைக் காவல் காத்தது.

லைனில் அவளுக்குப் பக்கத்தில் நிற்பவள் மஞ்சுளா. உள்ளூர்க்காரி, இப்போது தொழிற்சாலை நிற்கும் இடத்துக்குப் பின்புறம்தான் அவள் வீடு. வாய் ஓயாது. "உங்க ஊர்ல கடல் கீதுன்ற, ஒரு நாளாச்சும் நெத்திலி எட்தாந்தியா? இன்னாடி ஃபிரெண்டு நீ?" என்று ஒவ்வொரு முறை ஊர் போய்வரும்போதும் கேட்பாள்.

தொழிற்சாலையின் வெளிநாட்டு வாடிக்கையாளர் கம்பெனி ஒருமுறை, நீங்கள் கடலுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டிருந்தது. ஒரகடத்தில் ஏரியைக் கேட்டிருந்தால் பதில் சொல்லச் சங்கடமாக இருந்திருக்கும். கடல் தூரத்தில் இருப்பதால் வசதி. ஹெச்.ஆர். பிரிவில் ராஜசேகர் என்பவரிடம் பொறுப்பு வந்தது. பிள்ளைப்பாக்கத்துக்காரர், கெட்டவர் இல்லை. நல்லது செய்ய வேண்டும் என்ற ஆசை உண்மையிலேயே இருந்தது. கடற்புல்லையும் பாசியையும் வளர்க்கும் காப்புத் திட்டு ஒன்று அமைப்பது என்று முடிவானது. ஆலோசகர் ஒருவர் காட்டிய வரைபடத்தில் ஒரு இடம் பச்சையாக, செழிப்பாக இருந்தது. பக்கத்து ஊர் பனைமுனை.

"நம்ம லைன்லயே பனைமுனைப் பொண்ணு ஒண்ணு கீது சார்" என்று யாரோ சொல்ல, மெர்சியை அழைத்தார்கள்.

குளிர்பதன அறை. சுவரில் பெரிய திரை. திரையில் மதினிப்பார், மேலிருந்து எடுத்த படமாக. மெர்சிக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"உக்காரும்மா" என்றார் ராஜசேகர். "உங்க ஊர் பக்கம்தானே இது? இந்த எடத்துக்கு ஜனங்க யாராச்சும் போறாங்களா?"

"யாரும் போறதில்ல சார்."

"மீன் புடிக்க, சிப்பி எடுக்க, எதுக்குமே?"

"இல்ல சார்."

"லேடீஸ்?"

"இல்ல சார். அங்கன யாரும் போறதில்ல."

சிரிக்கவில்லை. திரையைத் திரும்பிப் பார்க்கவில்லை. குரல் தட்டையாக வந்தது. ஆலோசகர் நிம்மதியாக எதையோ குறித்துக்கொண்டார்.

"சரி, ஊர்ல யார்கிட்ட பேசினா வேல ஆகும்?"

"கமிட்டிகிட்ட சார்."

இதுவும் பழக்கத்தில் வந்த பதில்தான். வெளியாள் கேட்டால் ஊர் என்பது கமிட்டி. கமிட்டி என்பது ஆண்கள். அதில் ஒரு பெண் உட்கார்ந்ததாகப் பனைமுனை வரலாற்றில் இல்லை.

வாசலைத் தாண்டி லைனுக்குத் திரும்பும் வழியில்தான் மெர்சிக்கு உறைத்தது: அவர்கள் வழக்குப் போட வந்தவர்கள் அல்ல, இடம் தேடி வந்தவர்கள். வழக்குப் போட வருகிறவனிடம் பாரைக் காப்பாற்றும் பதில், இடம் தேடி வருகிறவனிடம் அதைத் தூக்கிக் கொடுத்துவிடும். திரும்பிப் போய்ச் சொல்லலாம். என்ன சொல்வது? எங்கம்மாவும் சித்திகளும் சட்டத்தை மீறித் தினம் அங்கேதான் நிற்கிறார்கள் என்றா? கால் லைனை நோக்கியே நடந்தது.

அடுத்த வாரம் அவளை இன்ஸ்பெக்‌ஷன் மேசைக்கு மாற்றினார்கள். உட்கார்ந்து பார்க்கும் வேலை. டிரெய்னிகளுக்குக் கிடைக்காத நாற்காலி. அறிவிப்புப் பலகையில் அவள் புகைப்படத்தை ஒட்டி, கீழே 'கடலின் மகள்' என்று எழுதினார்கள்.

மஞ்சுளா அதைப் பார்த்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டாள். "கடலின் மகளே, உன் பாதத்தக் காட்டு தாயே. நாங்கள்லாம் நின்னு நின்னு காலு வீங்கிக்கினு கீறோம்."

மெர்சி சிரித்தாள். நாற்காலி ஏனோ முள்ளாக இருந்தது.

பனைமுனையில் திட்டம் விழாவோடு தொடங்கியது. பாரைச் சுற்றி ஆரஞ்சு நிற மிதவைகள் போட்டார்கள். கமிட்டி தேர்ந்தெடுத்த இளைஞர்கள் காவல் படகில் ஏறினார்கள், கம்பெனி சம்பளம். எல்லோரும் கமிட்டிக்காரர்களின் மகன்கள், மருமகன்கள். முதல் நாளே பெண்களின் வள்ளத்தை மறித்தது லூர்தம்மாளின் கொழுந்தன் மகன்.

அன்று சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து லாக்கரிலிருந்து ஃபோனை எடுத்தால் அம்மாவின் அழைப்புகள் வரிசையாக இருந்தன.

"ஏட்டி மெர்சி, கேட்டியா கதைய? நம்ம பயலே நம்மள மறிக்கான். 'பெரியம்மா, கோவப்படாதிய, கம்பெனி உத்தரவு'ங்கான். எந்தக் கம்பெனிலன்னு கேட்டா, 'நம்ம மெர்சிக்கா கம்பெனிதான்'ங்கான்."

மெர்சி ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு வெளியே நடந்தாள்.

"எந்தப் பாவி சொன்னானோ, அங்கன யாரும் போறதில்லன்னு. அப்பிடித்தான் போர்டுல எழுதிப் போட்டிருக்காம். 'பயன்பாடு இல்லாத கடல் பகுதி'யாம். நாங்க இடுப்பொடியக் குனிஞ்சு கெடந்தது பயன்பாடு இல்லையாம். ஏட்டி, இருக்கியா?"

"இருக்கேம்மா."

"ஒங்க ஆபீசுல யாருகிட்டயாவது மெதுவாச் சொல்லிப் பாரு. நம்ம போறோம்னு சொல்லிராத. பொதுவாச் சொல்லு."

"பாக்கேம்மா."

அந்த 'பாக்கேம்மா' பல மாதம் நீண்டது. ஒவ்வொரு முறையும் அம்மா அந்தப் பாவியைச் சபித்தாள். ஒருமுறை, அவன் நாக்கு அழுகிப்போகும் என்றாள். மெர்சி அன்று சாப்பிடவில்லை. சாபம் பலிக்கும் என்று நம்புகிறவள் இல்லை அவள். சாபம் சரியான விலாசத்துக்கு வந்து சேர்ந்ததுதான் அவளைத் தின்றது.

பெண்கள் கடற்கரையில் கருவாடு பிரித்துக் கூலி வாங்கினார்கள். இரண்டு பேர் உப்பளத்துக்குப் போனார்கள். அவர்கள் பாரில் இல்லாத கடலில் வேறொன்று நடந்தது. இரும்பு உருளை கோத்த, அடித்தரையையே வாரும் இழுவைமடி வலையோடு வெளியூர் விசைப்படகுகள் வந்தன. முன்பு பெண்கள் நிற்கும்போது அவை நெருங்கியதில்லை. முப்பது பெண்கள் ஒரே நேரத்தில் கூச்சல் போட்டு, படகின் பெயரைச் சொல்லி, முதலாளியின் வம்சத்தையே இழுத்து வைவார்கள். அது கரைவரை கேட்கும். காவல் படகுப் பையன்களுக்கு அந்தத் தொண்டை இல்லை. விசைப்படகு முதலாளிகளில் ஒருவர் கமிட்டித் தலைவரின் சம்பந்தி. பையன்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு ஃபோனில் படம் பார்த்தார்கள்.

"பாரு மொட்டையாப் போச்சுட்டி" என்றாள் லூர்தம்மாள் ஒரு நாள். அன்று யாரையும் சபிக்கவில்லை. "பாறையவே பேத்துட்டானுவ. நேத்து தெரியாமப் போயி முங்கிப் பாத்தேன். வெள்ளையாக் கெடக்கு. எலும்பு மாதிரி."

அதே வாரம் தொழிற்சாலை கேன்டீன் சுவரில் ஆளுயரப் படம் ஒன்று ஏறியது. தெளிந்த நீருக்கடியில் மரிக்கொழுந்து அலையலையாகத் தழைத்து நிற்கிறது. 'ஓராண்டில் மீண்டெழுந்த கடல்' என்று எழுதியிருந்தது. மெர்சி தட்டோடு அதன் முன்னால் நின்றுவிட்டாள். அது மிதவை போட்ட நாளில் எடுத்த படம். அந்தப் பச்சை கம்பெனி வளர்த்ததல்ல. பெண்கள் தபசுக்கு விட்டுவைத்த பச்சை.

வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் வரப் போகிறார்கள், விழா நடக்கும், கடலின் மகள் மேடையில் நான்கு வார்த்தை பேச வேண்டும் என்று ராஜசேகர் சொல்லியிருந்தார். "சிம்பிளா சொல்லு போதும். யாரும் கவனிக்காம கெடந்த எடத்த நம்ம கம்பெனி எப்படிக் காப்பாத்திச்சுன்னு. அப்புறம் உன் பெர்மனென்ட் விஷயமும் பேசிடலாம்."

மெர்சி தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். எதிரில் வந்து உட்கார்ந்த மஞ்சுளா அவள் தட்டிலிருந்து அப்பளத்தை எடுத்துக்கொண்டு, "இன்னா, மேடைக்கு டயட்டா?" என்றாள். பிறகு முகத்தைப் பார்த்துவிட்டு அப்பளத்தைத் திருப்பி வைத்தாள். "இன்னாடி ஆச்சு?"

மெர்சி சொன்னாள். முதல்முறையாக ஒரு வெளியாளிடம், முழுவதையும். மஞ்சுளா குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"எங்க மந்தவெளியும் அப்டித்தான் போச்சு" என்றாள் கடைசியில். "பட்டாக்காரனுக்கு நோட்டீஸ் குட்தாங்க, பணம் குட்தாங்க. மந்தவெளில மாடு மேச்சுகினு, வெறட்டி தட்டிகினு இருந்தது எங்கம்மா மாதிரி பொம்பளைங்க. வந்தவன் கேட்டப்போ எங்க ஊரு பெரிய மனுசன் சொன்னான், 'அது சும்மா கெடக்குற தரிசு சார்'னு. அவன் அந்தப் பக்கம் வெளிக்கிருக்கக்கூட போனதில்ல. இப்ப அங்கதான் நம்ம பஸ்சு பார்க்கிங்." தண்ணீரைக் குடித்தாள். "அவன் சும்மா சொன்னான். நீ காப்பாத்தச் சொன்ன. போர்டுல ரெண்டும் ஒரே மாதிரிதான் வந்து விழுது, இன்னா?"

"மேடையில உண்மையச் சொல்லிரட்டா?"

"சொல்லுடி! மைக்கு உன் கைலதானே கீது. வெள்ளக்காரன் முன்னாடி போட்டு ஒட."

மெர்சிக்கும் அதுதான் ஆசை. சொல்லிவிட்டால் நெஞ்சு லேசாகும். அறைக்குப் போகும் பஸ்ஸில் அந்த நான்கு வார்த்தையை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். சேரப்பணஞ்சேரி தாண்டும்போது ஒன்று தெரிந்தது. லேசாகப் போவது அவள் நெஞ்சு. வழக்கு வரப்போவது அம்மாவுக்கும் மற்ற பெண்களுக்கும். முதல் தடவை அவர்களைக் கேட்காமல் 'யாரும் போறதில்ல' என்றாள். இப்போதும் கேட்காமலே 'போகிறார்கள்' என்றால், அது பழைய தப்பின் மறுபக்கம். பஸ்ஸை விட்டு இறங்கி, டீக்கடைக்கு எதிரில் நின்றே அம்மாவை அழைத்தாள்.

"எம்மா, அந்தப் பாவி நான்தான்."

"என்னட்டி சொல்லுத?"

"அங்கன யாரும் போறதில்லன்னு நான்தான் சொன்னேன். கமிட்டிகிட்டப் பேசுங்கன்னும் நான்தான் சொன்னேன். இப்ப மேடையில பேசச் சொல்லுதாவ. உண்மையச் சொல்லவா, வேண்டாமா? நீங்கதான் சொல்லணும்."

மறுமுனையில் ஏதோ கொதிக்கும் சத்தம் கேட்டது. பிறகு லூர்தம்மாள், "சரி, வையி" என்றாள்.

திட்டியிருந்தால் அழுதிருக்கலாம். மெர்சி கேட்காமலேயே டீக்கடைக்காரர் ஒரு டீயை நீட்டினார். அது கையிலேயே ஆறியது.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. "மத்தவளுவகிட்டப் பேசிட்டேன். நீ பொய்யும் சொல்லாண்டாம், உண்மையும் சொல்லாண்டாம். எங்களுக்கு வாய் இருக்கு. நாங்க வாரோம்."

ஐந்து பெண்கள் வந்தார்கள். தூத்துக்குடியிலிருந்து பஸ் ஏறி, பெருங்களத்தூரில் இறங்கி, ஒரகடம் வண்டியில் நின்றுகொண்டே வந்து, காலை வெயிலில் தொழிற்சாலை வாசலில் நின்றார்கள். செக்யூரிட்டி பாண்டுரங்கன் தடியை நீட்டினார்.

"இன்னாம்மா கூட்டம்? வேலைக்குனா ஏஜென்சிகிட்ட போ."

"வேலக்கி வரல ராசா" என்றாள் லூர்தம்மாள். "எங்க வேலயப் புடுங்கினவுகளப் பாக்க வந்திருக்கோம்."

பாண்டுரங்கன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். இந்தத் தொழிற்சாலையின் சுற்றுச்சுவருக்குள் அவருடைய ஒன்றரை ஏக்கர் இருந்தது. "அதுக்கு ஒரு க்யூ வெச்சா, மொதல்ல நிக்க வேண்டியவன் நாந்தான்" என்று சொல்லிவிட்டு, நிழலில் இருந்த தன் நாற்காலியை அவளிடம் தள்ளினார். "குந்து. சாரைக் கூப்புடறேன்."

ஒருத்தி சுற்றிலும் பார்த்தாள். "மதினி, இங்கன ஒரு நண்டுகூட கெடையாது போலயே. இங்கன இருந்துகிட்டா கடலக் காக்கானுவ?"

"ஏசி போட்டுக் காக்கானுவ, மதினி" என்றாள் இன்னொருத்தி.

ராஜசேகர் வேகமாக வந்தார். வரும் வழியில் மெர்சியையும் அழைத்துக்கொண்டு வந்தார். விருந்தினர்கள் வர இரண்டு நாள்தான் இருந்தது. அவர் முகம் வெளிறியிருந்தது.

"யாரும்மா நீங்க?"

"பனைமுனை. நீங்க மிதவ போட்டிருக்கிய இல்லா, அந்தப் பாருல பாசி எடுக்கிறவிய. நாங்க போவோம் சார். தாத்தன் காலத்துல இருந்து போறோம்."

ராஜசேகர் இரண்டு பக்கமும் பார்த்தார். "அம்மா, மெதுவா. நீங்க போறீங்கன்னு எங்கிட்ட சொல்லாதீங்க. சொன்னா நான் எழுதணும். எழுதினா கேஸ் உங்கமேலதான் வரும். நான் உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

"எழுதுங்க சார். என் பேரு லூர்தம்மாள். கேஸு வந்தா ஒரு நாளு நிப்போம், போயிரும். பாரு போனா வருமா?"

அவர் மெர்சி பக்கம் திரும்பினார். கோபத்தைவிட ஏமாற்றம்தான் அதிகம் தெரிந்தது. "உன்ன மூணு தடவ கேட்டேனே மெர்சி. லேடீஸ்கூடவான்னு கேட்டேனே. யாரும் போறதில்லன்னு நீதானே சொன்ன?"

"அவ சொல்லல சார்" என்றாள் லூர்தம்மாள். "நான் சொன்னேன். இத்தினிப் புள்ளையா இருக்கையில வாயில அடிச்சு நான் சொல்லிக்குடுத்தது. அவ வாயில இருந்து வந்துச்சு, அவ்வளவுதான். அந்தப் பாவி நான்தான். இத்தன மாசமா என்னயத்தான் நான் வைஞ்சிருக்கேன்."

பாண்டுரங்கன் தொண்டையைச் செருமிக்கொண்டு கேட்டைப் பார்த்துத் திரும்பி நின்றார். மெர்சி அம்மாவின் கையைப் பார்த்தாள். துணி சுற்றாத விரல்கள். மாதக்கணக்கில் பாறையைத் தொடாததால் வெட்டுக்காயங்கள் ஆறி வழுவழுப்பாக இருந்தன. அந்த ஆறிய விரல்களைத்தான் அவளால் பார்க்க முடியவில்லை.

லூர்தம்மாள் கேட்டது பெரிதில்லை. மிதவை கிடக்கட்டும். காவல் படகிலிருந்து அந்தப் பையன்களை இறக்கிவிட்டு எங்களை ஏற்றுங்கள். தபசுக்கு நாங்கள் இறங்க மாட்டோம், மற்ற நாளில் கிள்ளி எடுப்போம், இழுவைமடி வந்தால் விரட்டுவோம்.

"கமிட்டி ஒத்துக்குமா?" என்றார் ராஜசேகர்.

"எங்ககிட்டக் கேக்காமலே கமிட்டிகிட்டக் கேட்டிய. கமிட்டிகிட்டக் கேக்காமலே எங்ககிட்டக் கேளுங்களேன் ஒரு தடவ."

அவர் கேட்டார் என்றுதான் சொல்ல வேண்டும். மேலே எழுதினார். மேலே இருந்தவர்கள் வக்கீலைக் கேட்டார்கள். சட்டம் தடுத்த இடத்தில் இறங்குகிறவர்களிடம் காவலை எப்படிக் கொடுப்பது என்றார் வக்கீல். கடலைக் கெடுத்தவனின் சம்பந்தியிடம் கொடுக்கலாமா என்று கேட்க வக்கீலுக்குக் கட்டணம் தரப்படவில்லை. விழாவில் மெர்சி பேசவில்லை. வேறொரு பெண் வரவேற்புப் பூ கொடுத்தாள். அடுத்த மாதமே கம்பெனி பனைமுனையை விட்டு விலகியது. காரணம், 'உள்ளூர்ச் சமூகச் சூழல் சாதகமாக இல்லை.' கேட்டால் சாதகமாகியிருக்கக்கூடிய சூழலைக் கேட்காமல் இருந்தவர்கள் அதை எழுதினார்கள்.

மெர்சி மறுபடி லைனில் நின்றாள். பெர்மனென்ட் பேச்சை யாரும் எடுக்கவில்லை. கால் வலித்தது. நாற்காலியில் இருந்ததைவிட நின்றபோது கொஞ்சம் தேவலையாக இருந்தது.

ஊரில் பெண்கள் மறுபடி கடலுக்குப் போனார்கள். சம்பளம் போன கோபத்தில் கமிட்டிக்காரர்கள் வள்ளம் தர மறுத்தார்கள். பெண்கள் பக்கத்து ஊர் வள்ளத்தை வாடகைக்குப் பிடித்தார்கள். காப்புக் கடலில் இறங்கியதாக வந்த வழக்கில் லூர்தம்மாளும் இரண்டு பேரும் நின்றார்கள். மெர்சி லீவு போட்டுப் போய் நீதிமன்ற வாசலில் காத்திருந்தாள். வெளியே வந்த அம்மா, "பசிக்கிட்டி, இட்லி வாங்கித் தா" என்றாள். தபசு வந்தபோது எவளும் பாரில் இறங்கவில்லை. மதினிப்பாரின் ஓரங்களில் இங்கொன்றும் அங்கொன்றுமாகப் பச்சை வந்திருப்பதாக அம்மா சொன்னாள். நடுவில் இல்லை. உருளை பெயர்த்த பாறை எந்தத் தபசுக்கும் முளைக்காது.

அதோடு முடிந்தது என்று மெர்சி நினைத்திருந்தாள்.

ஒரு சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து, லாக்கர் வரிசையில் ஃபோனை எடுத்துக்கொண்டிருந்தபோது இசக்கிபாண்டி வந்தான். பேக்கிங் பிரிவில் புதிதாகச் சேர்ந்த டிரெய்னி; பனைமுனைக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர்க்காரன். முகமெல்லாம் சிரிப்பு.

"யக்கா, எனக்கும் யோகம்தான். ஹெச்.ஆர்ல கூப்ட்டாவ. ராஜசேகர் சார் டீ வாங்கிக் குடுத்தாருக்கா. எங்க ஊருப் பக்கம் கடலக் காக்கப் போறாவளாம்."

மெர்சியின் கை லாக்கர்க் கதவில் நின்றது. "என்ன கேட்டாவ?"

"எங்க ஊரு முகத்துவாரம் இருக்குல்லா, சேத்துத் திட்டு, அதப் படத்துல காட்டி, இங்கன ஆளுங்க போவாவளான்னு கேட்டாவ."

"நீ என்ன சொன்ன?"

"அங்கன யாரும் போறதில்லன்னு சொன்னேன்." அவன் சிரிப்பு மெல்ல ஒடுங்கியது. "ஏங்க்கா?"

அவன் சிரிக்காமல்தான் சொல்லியிருப்பான். திரையைத் திரும்பிப் பார்த்திருக்க மாட்டான். அந்த ஊரிலும் யாரோ ஒருத்தி அவன் வாயில் அடித்துச் சொல்லிக்கொடுத்திருப்பாள். பனைமுனைப் பெண்கள் வாசலில் வந்து நின்றதால் அந்தத் திட்டம் தெற்கே நகர்ந்தது. நகர்ந்து அவன் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறது.

"அங்க சிப்பி எடுக்கிறது யாரு?" என்றாள் மெர்சி.

அவன் அவளையும் வெளியாளாக எண்ணி, முகத்தைத் தட்டையாக வைத்துக்கொண்டான். அந்த முகம் அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"ஒங்க அம்மையா?"

"... அம்மையும் சித்திமாரும்."

"ஃபோனப் போடு அவியளுக்கு."

"இப்பவா? பஸ் போயிரும்க்கா."

"போட்டும். கேளு. நீ சொன்னதச் சொல்லு. அவிய என்ன சொல்லச் சொல்லுதாவளோ, அத அப்படியே சாருகிட்டப் போயிச் சொல்லு. இல்லாட்டி 'கேட்டுச் சொல்லுதேன்'னு மட்டும் சொல்லிட்டு வா. வாசல்ல நான் நிக்கேன்."

கம்பெனி பஸ் ஹார்ன் அடித்தது. ஏறியிருந்த மஞ்சுளா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "கடலின் மகளே, வர்றியா இல்லியா?" என்று கத்தினாள். மெர்சி கையை ஆட்டி, போகச் சொன்னாள். ஹெச்.ஆர். அறையில் இன்னும் விளக்கு எரிந்தது.

இசக்கிபாண்டி எண்ணை அழுத்திவிட்டு ஸ்பீக்கரில் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் காற்றிரைச்சலோடு ஒரு குரல் வந்தது. அவன் அம்மா சொர்ணம்மாள்.

"என்னல இந்நேரத்துல? வேல போயிட்டா?"

"இல்லம்மா" என்றான் இசக்கிபாண்டி. மெர்சியைப் பார்த்தான். அவள் கண்ணைத் திருப்பாமல் நின்றாள். "உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்."